ஹாங் லிம் பூங்காவில் அறவழிக் கூட்டம்: ஏற்பாட்டாளருக்கு ஒரு கையேடு

சிங்கப்பூரில் ஒருவர் தனியாக ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் சட்டத்தின் பார்வையில் அது கூட்டம்தான். 2009ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டம் தலைகளை எண்ணுவதில்லை, நோக்கத்தைப் பார்க்கிறது. ஒரு கருத்தையோ செயலையோ ஆதரித்து அல்லது எதிர்த்துக் காட்டுவது, ஒரு கொள்கைக்காகப் பிரசாரம் செய்வது, ஒரு நிகழ்வை நினைவுகூர்வது என எதுவானாலும் பொது இடத்தில் அனுமதி வேண்டும். 2018 டிசம்பரில் அரசு நீதிமன்றங்களுக்கு வெளியே ஒருவர் எழுதிய தாளொன்றை ஏந்தி நின்று படமெடுத்துக்கொண்டார். 2022இல் அவருக்கு 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம் விதிக்கப்பட்டது.

திறந்தவெளியில் இதற்கு விலக்குள்ள இடம் ஹாங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனை. 2000 செப்டம்பர் 1ஆம் தேதி பேசுவதற்கு மட்டும் என்று அது திறக்கப்பட்டது. 2008 செப்டம்பரிலிருந்து ஆர்ப்பாட்டமும் நடத்தலாம் என்றாகி, பதிவுப் பொறுப்பும் காவல்துறையிடமிருந்து தேசிய பூங்காக் கழகத்தின் கைக்கு வந்தது. நிபந்தனைகளுக்குள் நின்றால் காவல்துறை அனுமதி வேண்டாம், கழகத்தில் இணையவழிப் பதிவு செய்தால் போதும். நிபந்தனை ஒன்று தவறினால் விலக்கும் போய்விடும். அனுமதியில்லாக் கூட்டத்தை ஏற்பாடு செய்தவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம். மறுபடி செய்தால் 10,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். கலந்துகொண்டவருக்கும் முதல் முறை 3,000 வெள்ளி வரை உண்டு. தெரிந்தே சட்டத்தை மீறி அதன் விளைவை ஏற்பது அறப்போரில் ஒரு தனி மரபு, அதற்குத் தயாரிப்பும் வேறு. இங்கே சொல்வதெல்லாம் விலக்குக்குள் நின்று காரியம் பார்க்கும் வழி.

கோரிக்கை ஒன்று, முகவரி ஒன்று

புல்வெளியில் இருக்கப்போவது ஒன்றேகால் மணி நேரம். அந்த நேரத்தில் ஐந்து கோரிக்கைகளை வைத்தால் மறுநாள் செய்தியில் ஒன்றுகூட வராது. எழுத உட்காரும்போதே இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். இதைச் செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? செய்துவிட்டார்கள் என்பதை எதைப் பார்த்துச் சொல்வோம்?

ஓர் எடுத்துக்காட்டு. சரக்கு லாரியின் பின்பக்கத்தில் ஊழியர்களை ஏற்றிச் செல்வதை இன்றைய சட்டம் சில நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. ‘ஊழியர்களுக்கு நீதி வேண்டும்’ என்பது முழக்கமாகலாம், கோரிக்கையாகாது. ‘லாரியில் ஆள் ஏற்றுவதை எந்தத் தேதிக்குள் நிறுத்துவீர்கள் என்ற கால அட்டவணையைப் போக்குவரத்து அமைச்சு வெளியிட வேண்டும்’ என்று சொன்னால், அமைச்சு வெளியிட்டதா இல்லையா என்று நாளை யாரும் சரிபார்க்கலாம். பதாகை, உரை, மனு, செய்தியாளருக்கான குறிப்பு நான்கிலும் இதே வாக்கியம், சொல் மாறாமல் வரட்டும்.

தலைப்பு எல்லைக்குள் இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். எந்தச் சமயத்தைப் பற்றியும், நேரடியாகவோ மறைமுகமாகவோ, பேச்சாளர் முனையில் பேசக்கூடாது. இனங்களுக்கோ சமயங்களுக்கோ இடையே பகையை மூட்டும் எதுவும் கூடாது. நம்மவர்கள் அடிக்கடி இடறுவது இங்கேதான். கோயில் நிலம், தைப்பூச ஊர்வலத்தில் இசை போன்றவை நமக்குப் பண்பாட்டு விஷயமாகத் தெரிந்தாலும் சட்டத்தில் சமய விஷயமாகிவிடும். வெளிநாட்டு அரசியலும் அப்படியே. பிற நாடுகளின் அரசியல் விவகாரங்களுக்கான கூட்டங்களுக்கு அனுமதி தருவதில்லை என்பது காவல்துறையின் நிலைப்பாடு. 2023 அக்டோபரில் இஸ்ரேல்-ஹமாஸ் போர் தொடர்பான கூட்டங்களைப் பேச்சாளர் முனையிலும் ஏற்கப்போவதில்லை என்று அறிவித்தார்கள். ஈழமோ தமிழ்நாட்டு அரசியலோ மனத்தில் இருந்தால் இந்த முன்னுதாரணத்தை வைத்துத்தான் கணக்குப்போட வேண்டும். நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் வழக்கைப் பற்றி உரை எழுதினால், நீதிமன்ற அவமதிப்புக்கு இடமிருக்கிறதா என்று வழக்கறிஞர் ஒருவர் ஒரு முறை படித்துப் பார்ப்பது நல்லது.

யார் வரலாம், யார் வரக்கூடாது

ஏற்பாட்டாளரும் பேச்சாளர்களும் சிங்கப்பூர்க் குடிமக்களாக இருக்க வேண்டும். நிரந்தரவாசிகள் ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொள்ளலாம், ஆனால் ஏற்பாடு செய்யவோ பேசவோ முடியாது. மற்ற எவரும் காவல்துறை அனுமதியின்றிக் கலந்துகொள்ள இயலாது. 2016 நவம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் அமைப்புகளுக்கும் இதே கோட்டைப் போட்டது. ஏற்பாடோ நிதி ஆதரவோ செய்யும் அமைப்பு சிங்கப்பூரில் பதிவானதாகவும் பெரும்பான்மையாகக் குடிமக்களின் கட்டுப்பாட்டில் உள்ளதாகவும் இருக்க வேண்டும்.

‘நான் சும்மா ஓரமாக நின்று பார்க்கிறேன்’ என்ற சமாதானம் இப்போது எடுபடாது. கலந்துகொள்பவர், வேடிக்கை பார்ப்பவர் என்ற பிரிவினை சட்டத்தில் இல்லாமல் போனதால்தான் 2017இல், பாலினச் சிறுபான்மையினருக்கு ஆதரவாக ஆண்டுதோறும் நடக்கும் பிங்க் டாட் கூட்டத்தின் ஏற்பாட்டாளர்கள் பூங்காவைச் சுற்றித் தடுப்பு போட்டு ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் பார்த்து உள்ளே விட்டார்கள். உங்கள் கூட்டத்துக்கு நூறு பேர்தான் வருவார்கள் என்றாலும் இந்தக் கேள்வி எழும்.

தமிழ்க் குடும்பங்களில் இது நிஜமான சிக்கல். கணவர் குடிமகன், மனைவி நீண்டகால வருகை அனுமதியில் இருக்கிறார் என்றால் கணவர் மட்டும் வரலாம். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் மாமனார் மாமியாரை ‘அப்படியே காற்றாட’ அழைத்து வரக்கூடாது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண்ணும் வரக்கூடாது. எடுத்துக்காட்டாகச் சொன்ன லாரி விவகாரத்தில் இன்னும் கசப்பு: பாதிக்கப்படும் ஊழியர்கள் வேலை அனுமதியில் இருப்பவர்கள், அவர்களால் அந்தப் புல்வெளியில் கால்வைக்க முடியாது. ஒருவர் ஆர்வக்கோளாறில் வந்து நின்றால் உங்களுக்கு அபராதத்தோடு போகலாம், அவருக்கு வேலையே போகலாம். அழைப்பிதழின் அடியில் பொடி எழுத்தில் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். முதல் வரியிலேயே, தமிழிலும் ஆங்கிலத்திலும், ‘குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டும்’ என்று எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் பகிரப்படும்போது படத்தின் ஓரம் வெட்டுப்படும் என்பதால் அந்த வரி படத்தின் நடுவில் இருக்கட்டும்.

ஊழியர்களின் அனுபவத்தை எப்படிக் கொண்டுவருவது? அவர்கள் சொன்னதைப் பெயர், நிறுவனம், தங்கும் விடுதி எதுவும் தெரியாதபடி எழுதி, குடிமகன் ஒருவர் வாசிக்கலாம். அவர்கள் குரலைப் பதிவாகவோ நேரலையாகவோ ஒலிக்கச் செய்ய வேண்டாம். 2016இல் ஓர் உள்ளரங்கக் கலந்துரையாடலில் ஹாங்காங்கைச் சேர்ந்த ஒருவர் ஸ்கைப் வழி பேசினார். உள்ளரங்கக் கூட்டங்களுக்கும் பேச்சாளர்கள் குடிமக்களாக இருந்தால்தான் விலக்கு உண்டு என்பதால், அனுமதி வாங்காத ஏற்பாட்டாளருக்கு 2019இல் அபராதம் விழுந்தது.

மொழிக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. நான்கு அதிகாரத்துவ மொழிகளிலோ அவற்றைச் சார்ந்த கிளைமொழிகளிலோ மட்டும் பேசலாம். தமிழில் தாராளமாகப் பேசலாம். மலையாளத்திலோ இந்தியிலோ பேச நினைக்கும் நண்பரிடம் ஆங்கிலத்திலோ மலாயிலோ உரையைத் தயாரிக்கச் சொல்லுங்கள்.

பதிவும் நாளும்

கழகத்தின் இணையத்தளத்தில் பதிவு செய்யும்போது நிகழ்ச்சி வகையைச் சரியாகக் குறிக்க வேண்டும். உரை, ஆர்ப்பாட்டம், கண்காட்சி, கலைநிகழ்ச்சி எல்லாம் ஒன்றல்ல. பேச்சுக்குப் பதிந்துவிட்டுப் பதாகையோடு முழக்கமிட்டால் பதிவு உங்களைக் காப்பாற்றாது. பாட்டும் தப்பு மேளமும் உண்டு என்றால் அதையும் விவரத்தில் எழுதுங்கள். உறுதிப்படுத்தும் மின்னஞ்சலை இரண்டு படி அச்செடுத்து வையுங்கள். பதிவு உறுதியாகும் முன் தேதியை வெளியே விடக்கூடாது. தேதியை அறிவித்துவிட்டுப் பதிவு கிடைக்காமல் போனால், ரத்துச் செய்தி எட்டாத ஐம்பது பேர் அன்று புல்வெளிக்கு வந்து நிற்பார்கள், அவர்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இருக்காது.

அதே நாளில் வேறு நிகழ்ச்சி இருக்கிறதா என்று கழகத்திடம் கேளுங்கள். 2014 செப்டம்பர் 27ஆம் தேதி மத்திய சேமநிதி (ஓய்வுக்காலச் சேமிப்பு) தொடர்பான ஆர்ப்பாட்டமும் ஒரு தொண்டு நிகழ்ச்சியும் ஒரே பூங்காவில் ஒரே நேரத்தில் நடந்தன. ஆர்ப்பாட்டக்காரர்கள் முழக்கமிட்டபடி சுற்றிவந்தபோது மேடையில் சிறப்புத் தேவையுடைய பிள்ளைகள் இருந்தார்கள். கழகத்தின் ஒப்புதலின்றி ஆர்ப்பாட்டம் நடத்தியது, பொதுத்தொல்லை கொடுத்தது ஆகியவற்றுக்காக ஏற்பாட்டாளருக்கு 2016இல் அபராதம் விதிக்கப்பட்டது. அதைவிடப் பெரிய நட்டம் பேசுபொருள் கைமாறியதுதான்: அந்த வாரம் முழுவதும் ஊர் பிள்ளைகளைப் பற்றிப் பேசியது, சேமநிதியைப் பற்றிப் பேசவில்லை. இன்னொரு நிகழ்ச்சி இருந்தால் நாளை மாற்றிவிடுங்கள். உரிமை நம் பக்கம் இருக்கிறது என்று பிடிவாதம் பிடிப்பதில் ஒரு லாபமும் இல்லை.

ஒரே நேரத்தில் 5,000 பேருக்கு மேல் வருவார்கள் என்று எதிர்பார்த்தால் 28 நாளுக்கு முன்பே காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பொதுத் தேர்தல் காலத்தில் பேச்சாளர் முனைக்கான விலக்கு நிறுத்தி வைக்கப்படுவது வழக்கம். தேர்தல் வாடை அடிக்கும் மாதங்களில் பெரிய செலவுக்குக் கை வைக்காதீர்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை சனிக்கிழமை மாலை 5 மணிக்குத் தொடங்கி 6.15க்கு முடிப்பது உகந்தது. நான்கு மணி வெயிலில் நிழலில்லாத புல்வெளியில் முதியவர்கள் தாக்குப்பிடிக்க மாட்டார்கள். ஏழு மணியை ஒட்டி இருட்டிவிடும், படமும் எடுபடாது. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். வானிலை காட்டும் மைஎன்வி (myENV) செயலியில் மின்னல் எச்சரிக்கை வந்தால் கூட்டத்தை நிறுத்திவிட்டு மரத்தடியை விட்டு விலகி, கிளார்க் கீ எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கோ ஹாங் லிம் உணவங்காடிப் பக்கமோ ஒதுங்க வேண்டும். பதாகையைச் சுருட்டிய பிறகே நகர வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வெப்ப அழுத்தக் குறியீடு 33 பாகையைத் தாண்டினால் உரைகளைப் பாதியாகக் குறையுங்கள்.

தொண்டூழியர்கள்

நூறு பேர் கூட்டத்தை ஆறு பேரால் சமாளிக்கலாம். 400 பேர் வந்தால் பதினைந்து பேராவது வேண்டும். ஐம்பது பேருக்கு ஒருவர் வீதம் எட்டுப் பேர் கூட்டத்துக்குள், வாயிலில் இருவர், முதலுதவிக்கு இருவர், ஒலிக்கு ஒருவர், படத்துக்கு ஒருவர், காவல்துறையிடம் பேச ஒருவர். எல்லாருக்கும் ஒரே நிறக் கைப்பட்டை, தூரத்திலிருந்து தெரியும் நிறத்தில். எல்லாரும் குடிமக்கள் அல்லது நிரந்தரவாசிகள்தானா என்று பெயர்ப்பட்டியல் போடும்போதே பாருங்கள்.

காவல்துறையிடம் பேசும் பொறுப்பைத் தலைமைப் பேச்சாளரிடம் கொடுக்காதீர்கள். அவர் ஒலிவாங்கியின் முன் நிற்கும்போது அதிகாரி வந்து தோளைத் தொட்டால் கூட்டம் முழுக்கக் கலவரப்படும். அதே சமயம், பதிவு செய்த ஏற்பாட்டாளர் தொடக்கம் முதல் முடிவு வரை பூங்காவில் இருந்தாக வேண்டும். ‘செய்தியாளரைக் கூட்டிவரப் போனார்’ என்பது காரணமாகாது.

இவர்களுக்கு ஒரு மாலைப் பயிற்சி போதும், ஆனால் அதை வாயால் சொல்லித் தராமல் நடித்துப் பழக வேண்டும். ஒருவர் வம்புக்காரராக வந்து கத்தட்டும். இரண்டு தொண்டூழியர்கள் அருகே போகட்டும், நேருக்கு நேர் நிற்காமல் பக்கவாட்டில் நிற்கட்டும், குரலைத் தாழ்த்தட்டும், ‘வாங்கண்ணே, அந்தப் பக்கம் போய்ப் பேசுவோம்’ என்று ஓரமாக அழைக்கட்டும். கையைப் பிடிக்கக்கூடாது, கைப்பேசியைத் தட்டிவிடக்கூடாது, பதிலுக்குப் படமெடுக்கக்கூடாது. பின்னால் நிற்கும் கூட்டம் எதிர்க்குரல் எழுப்பத் தொடங்கினால் மேடையிலிருந்து ‘எல்லாரும் உட்காருங்கள்’ என்று சொல்லுங்கள். உட்கார்ந்த கூட்டத்தோடு சண்டை போடுவது கடினம். நின்றுகொண்டிருப்பவர் தனியாகத் தெரிவார், பெரும்பாலும் தானே நகர்ந்துவிடுவார். ஐந்தாறு முறை மாற்றி மாற்றி நடித்தால் உடம்பு தானாக அப்படி நிற்கும். கோபப்படுவார் என்று நீங்கள் நினைப்பவரைத் தொண்டூழியராக்காதீர்கள். அவர் எவ்வளவு விசுவாசமானவரானாலும் சரி, தண்ணீர்ப் புட்டி அடுக்கும் வேலையைக் கொடுங்கள்.

ஒலி, பதாகை, அச்சு

ஒலிபெருக்கியைக் காலை 9 மணி முதல் இரவு 10.30 வரைதான் பயன்படுத்தலாம். பூங்காவில் மின்சாரம் கிடைக்கும் என்று நம்பிப் போகாமல் மின்கலத்தில் இயங்கும் பெட்டியை வாடகைக்கு எடுங்கள். 400 பேருக்கு இரண்டு பெட்டிகள், தாங்கியில் தலைக்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டும். தரையில் வைத்தால் முதல் மூன்று வரிசைக்குக் காது அடைக்கும், பின்னால் ஒன்றும் கேட்காது. கம்பியில்லா ஒலிவாங்கி இரண்டு இருந்தாலும் கம்பியுள்ளது ஒன்று கட்டாயம் வேண்டும். முதலில் செத்துப்போவது கம்பியில்லாததுதான். பெட்டிகளின் முகம் அடுக்குமாடி வீடுகளைப் பார்த்து இருக்கக்கூடாது. கூடாரம், தற்காலிக மேடை போன்றவை வேண்டுமானால் கழகத்திடம் தனியாகக் கேட்க வேண்டும்.

பதாகையில் வன்முறை, ஆபாசம் கூடாது. வெளிநாட்டுக் கொடியும் தேசியச் சின்னமும் கூடாது, சட்டைப் பொறிப்பாகக்கூட வேண்டாம். குச்சியில் கட்டாமல் கையில் பிடிக்கும் அட்டையாகச் செய்யுங்கள், நெரிசலில் குச்சி கண்ணில் படும். பத்து மீட்டரிலிருந்து சிரமமின்றிப் படிக்க எழுத்து 8 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். 42க்கு 59 சென்டிமீட்டர் அட்டையைக் கிடைவாக்கில் பிடித்தால், ‘ணை’, ‘னா’ போன்ற அகல எழுத்துகளோடு தமிழில் நான்கு சொற்களுக்கு மேல் அடங்காது. ‘லாரி சரக்குக்கு, ஆளுக்கல்ல’ என்ற அளவில் முடியுங்கள். ஆங்கிலத்தில் எழுதியதை அப்படியே தமிழாக்கினால் அட்டை நிரம்பி எழுத்து சிறுத்துவிடும். தமிழ் முழக்கத்தைத் தனியாக யோசித்து எழுதுவதே வழி. முழக்கம் உரக்கச் சொல்லும்போது இரண்டு மூச்சுக்குள் முடிய வேண்டும்.

அச்சகத்துக்குத் தமிழ் வாசகத்தைத் திருத்தக்கூடிய கோப்பாக அனுப்பாதீர்கள். அவர்கள் கணினியில் எழுத்துரு இல்லாவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும், புள்ளி காணாமல் போகும். தமிழைக் குதறிய அறிவிப்புப் பலகைகளை இந்த ஊரில் பார்த்துப் பார்த்து நமக்கே அலுத்துவிட்டது, நாமும் ஒன்றைச் சேர்க்க வேண்டாம். எழுத்துகளை வரைவடிவமாக மாற்றிய பிடிஎஃப் கோப்பை அனுப்பி, மாதிரி அச்சைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

பணம்

400 பேர் கூட்டத்துக்கு ஒலிக்கருவி, அச்சு, தண்ணீர், கைப்பட்டை, முதலுதவிப் பெட்டி ஆகியவைதான் செலவு. ஆளுக்கு அரை லிட்டர் வீதம் 200 லிட்டர் தண்ணீர் தேவை. பாதிப் பேர் கொண்டுவருவார்கள் என்று வைத்து 200 அரை லிட்டர்ப் புட்டிகள் வாங்கினால் போதும். வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து ஒரு வெள்ளிகூட வேண்டாம். 2017இல் பன்னாட்டு நிறுவனங்களின் ஆதரவு சட்டத்தால் நின்றபோது பிங்க் டாட் 120 உள்ளூர் நிறுவனங்களிடம் திரட்டி ஈடுகட்டியது. புல்வெளியில் உண்டியல் குலுக்கத் தனி உரிமம் தேவைப்படும் என்பதால் அந்த யோசனையை விட்டுவிட்டு, ஏற்பாட்டுக் குழுவுக்குள்ளேயே பங்குபோட்டுக்கொள்வது எளிது. சட்டை விற்பதும் அங்கே வேண்டாம்.

அன்றைய தினம்

மூன்று மணிக்கு முதல் குழு வரவேண்டும். நான்கு மணிக்கு ஒலிச் சோதனை, அதோடு நிறுத்திவிடுங்கள். சோதனை என்ற பெயரில் முன்கூட்டியே பேச்சு ஆரம்பித்துவிடக்கூடாது. நாலரைக்கு வாயிலில் இருவர் நின்று தமிழிலும் ஆங்கிலத்திலும் தகுதி விதியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒலிவாங்கி திறந்ததும் முதல் அறிவிப்பும் அதுவே.

நிகழ்ச்சிக்கு நான்கு பேச்சாளர் போதும், ஆளுக்கு ஐந்து நிமிடம். திறந்தவெளியில் நிதானமாகப் பேசினால் தமிழில் நிமிடத்துக்கு நூறு சொல்கூட வராது, ஆகவே உரை 450 சொல்லுக்குள் இருக்கட்டும். எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள், முன்கூட்டியே வாங்கிப் படியுங்கள். எழுதாமல் பேசுகிறவர்தான் சமயத்தைத் தொட்டுவிடுவார், தெரியாத ஒருவர் மீது குற்றம் சாட்டிவிடுவார். உரையில் சொல்லும் ஒவ்வொரு எண்ணுக்கும் எங்கிருந்து எடுத்தது என்று காட்டும் தாள் ஒருவரிடம் இருக்க வேண்டும். அதே எண்கள் பிறகு சமூக ஊடகத்தில் போகும், பொய்ச்செய்திக்கு எதிரான 2019ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே காத்திருக்கிறது.

காவல்துறையினர் சீருடையிலோ இல்லாமலோ வருவார்கள், படமும் எடுக்கலாம். பூங்காவில் 2009 முதல் கண்காணிப்புக் கேமராக்கள் உண்டு. இதைக் கூட்டத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள், முகம் தெரிவதை விரும்பாதவர்கள் வராமல் இருக்க உரிமை இருக்கிறது. அரசாங்க ஊழியர்களும் மாணவர்களும் தங்கள் நிலைமையைத் தாங்களே எடைபோடட்டும், யாரையும் வற்புறுத்த வேண்டாம். அதிகாரி ஓர் உத்தரவு போட்டால் காவல்துறையிடம் பேசும் பொறுப்பில் உள்ளவர் அதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்தி, பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, அதன்படி நடக்க வேண்டும். தவறு என்று தோன்றினால் வாதாடும் இடம் பிற்பாடு கடிதத்தில் இருக்கிறது.

எண்ணிக்கையை நீங்களே எடுங்கள். உச்ச நேரத்தில் உயரமான இடத்திலிருந்து ஒரு படம், அதைப் பத்துக்குப் பத்து மீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் தளர்ந்த கூட்டம் கட்டத்துக்கு நூறு பேர், நெருக்கமானது இருநூறு. ‘350 முதல் 420 வரை’ என்று வரம்பாகச் சொல்லுங்கள். ஊதிப்பெருக்கிய எண்ணை ஒரு புகைப்படம் உடைத்துவிடும்.

பெரும்பாலான தவறு நடப்பது கூட்டம் முடிந்த பிறகு. உற்சாகத்தில் இருபது பேர் பதாகையைத் தூக்கிக்கொண்டு முழக்கமிட்டபடி எம்ஆர்டி நிலையத்துக்கு நடந்தால் பூங்காவின் எல்லையைத் தாண்டிய அந்த நொடியிலிருந்து அது அனுமதியில்லா ஊர்வலம். எனவே கடைசி அறிவிப்பு இதுதான்: பதாகைகளை இங்கேயே ஒப்படையுங்கள், ஒரே மாதிரிச் சட்டை போட்டவர்கள் மேலே வேறொன்று அணியுங்கள், இருவர் மூவராகக் கலையுங்கள். வாயிலில் தொண்டூழியர் ஒருவர் பெரிய பையோடு நின்று அட்டைகளை வாங்கிக்கொள்வது, சொல்லிவிட்டு விடுவதைவிடப் பலன் தரும். குப்பையைப் பொறுக்கிப் புல்வெளியைப் படமெடுத்துக்கொள்ளுங்கள், புகார் வந்தால் உதவும்.

மனுவைச் சேர்ப்பது

அமைச்சுக்குக் கூட்டமாகப் போய் மனுக் கொடுப்பது நல்ல படமாக இருக்கும், ஆனால் அதையும் ஊர்வலம் என்றே பார்ப்பார்கள். அதிபர் மாளிகையான இஸ்தானாவின் சுற்றுவட்டாரம் தடைசெய்யப்பட்ட பகுதி, அங்கே தண்டனை இன்னும் கடுமை. 2024 பிப்ரவரியில் பிளாசா சிங்கப்பூரா கடைத்தொகுதியிலிருந்து சுமார் 70 பேர் கடிதங்களோடு இஸ்தானாவுக்கு நடந்தார்கள், மூன்று பெண்கள் மீது வழக்குத் தொடரப்பட்டது. மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

வந்தவர்களில் எத்தனை பேர் எந்தத் தொகுதியைச் சேர்ந்தவர்கள் என்று விருப்பமுள்ளவர்களிடம் குறித்து வாங்கியிருந்தால் அடுத்த வேலை சுலபம். ஒவ்வொருவரும் தங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரை, மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சியில், தனித்தனியாகப் போய்ப் பார்க்கலாம். கையில் ஒரே தாள், அதே ஒற்றைக் கோரிக்கை, ‘நாடாளுமன்றத்தில் இதைக் கேள்வியாகக் கேட்பீர்களா?’ என்ற ஒரே கேள்வி. நாடாளுமன்றத்துக்கு முறையான பொது மனு சமர்ப்பிப்பதானாலும் உறுப்பினர் ஒருவர் வழியாகத்தான் போக வேண்டும். போன தேதி, சொன்ன பதில் இரண்டையும் ஒரு பொதுத் தாளில் எழுதிவைத்து, ஆறு வாரம் கழித்துப் பதில் வராத தொகுதிகளுக்கு மறுபடி ஒருவரை அனுப்புங்கள்.